மக்டலீன் குரல் கொடுத்த படம்

ஹாகன் நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில், நான்கு மாடித் தளபாடக் கடை ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் மாடி முழுவதும் படுக்கையறைகள். ஆளுயரப் பலகைத் தடுப்புகளால் பிரித்த, கூரையில்லாத இருபத்தாறு அறைகள். ஒவ்வொன்றிலும் கட்டில், அலுமாரி, மேசை விளக்கு. யன்னல் திரையை விலக்கினால் சுவர்தான் இருக்கும். அதில் மலையும் ஏரியும் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். தட்டுகளில் அடுக்கிய புத்தகங்கள் வெறும் மட்டை. தொலைக்காட்சிப் பெட்டியும் மட்டைதான்.

அந்த அறைகளைப் பதினொரு வருடம் கூட்டித் துடைத்தவர் மக்டலீன் அலோசியஸ். மன்னார்த் தீவுக்காரி. எண்பத்தாறில் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்தவர். பிற்காலத்தில் அவரும் நானும் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் சேர்ந்து வேலை செய்தோம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வருவோம். ஒரு மாரிகாலம் முழுக்க அப்படி மடித்து மடித்துத்தான் இதை எனக்குச் சொல்லி முடித்தார்.

இரண்டாயிரத்து இரண்டு இலையுதிர்காலத்தில் கடை நொடித்துப்போனது. வசந்தத்துக்குள் கட்டிடத்தைக் காலி செய்ய வேண்டும். விற்காத கட்டில்கள் மூன்றாம் மாடியில் அப்படியே கிடந்தன. மக்டலீனை வாரம் இரண்டு நாள் மட்டும் வரச் சொன்னார்கள். திறப்புக் கொத்து ஹோல்கர் லிண்ட்னரிடம் இருந்தது. ஹோல்கர் இருபத்திரண்டு வருடம் அங்கே படுக்கையறைப் பிரிவில் விற்பனையாளராக இருந்த மனிதர். ஐம்பத்து மூன்று வயது, மெல்லிய குரல், எந்த நேரமும் கழுத்துப்பட்டி. அவருடைய கூட்டாளி ஊவே, வீடு வீடாகப் போய் அலுமாரி பொருத்திக் கொடுத்தவர். இருவருக்கும் வேறு வேலை கிடைக்கவில்லை.

அவர்கள் இருவரும் சேர்ந்து நீலப்படம் எடுக்கப்போவதாக ஹோல்கரே மக்டலீனிடம் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் முகம் காது வரை சிவந்துவிட்டது.

“கட்டில்கள் இருக்கின்றன, விளக்குகள் இருக்கின்றன. ஊவேயிடம் கமெரா இருக்கிறது. வயது வந்தவர்களுக்கான படம்தான், ஆனால் வேடிக்கையாக இருக்கும். இரண்டு நாள் நீங்கள் மேலே வர வேண்டாம், ஃபிறாவ் அலோசியஸ். உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.”

மக்டலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய சிரிப்பு பேர்போனது. மூன்றாம் மாடியில் சிரித்தால் கீழே வாசலில் நிற்கும் காவலாளி திரும்பிப் பார்ப்பார். பொத்தியும் அன்றைக்கு அது தடுப்பு தடுப்பாகத் தாவிக் கடைசி அறை வரை போனது.

பெப்ரவரியில் படம் எடுத்தார்கள். மக்டலீன் கீழ்த்தளத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். நடிக்க வந்த பெண் முப்பது வயது மதிக்கத்தக்கவள், மெலிந்த முகம். மேலே குளிராக இருக்கிறது என்று இறங்கி வந்தபோது மக்டலீன் தன் போத்தலில் இருந்த இஞ்சித் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒன்றும் பேசாமல் குடித்தாள், தலையசைத்தாள், மேலே போனாள். இரண்டாம் நாள் மத்தியானம் படிகளில் வேகமாக இறங்கி, மேலங்கியைப் பூட்டாமலே வெளியே போனதையும் மக்டலீன் பார்த்தார்.

மார்ச் மாதம் ஹோல்கர் மறுபடி வந்தார். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது.

“உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். விருப்பமில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் எடுத்தது முழுக்கச் சத்தம் கெட்டுப்போய்விட்டது. ஒரே உறுமல். காற்றுக்குழாய் விசிறி என்கிறான் ஊவே. அந்தப் பெண்ணுக்கு எத்தனை தடவை தொலைபேசி எடுத்தாலும் வைத்துவிடுகிறாள். எங்களுக்கு ஒரு பெண் குரல் வேண்டும். பேச்சு இல்லை. சிரிப்பு, மூச்சு, அவ்வளவுதான்.”

காற்றுக்குழாய் விசிறி கார்த்திகை மாதமே நின்றுபோனது மக்டலீனுக்குத் தெரியும். அதன் மேல் படிந்த தூசியைத் துடைத்தவரே அவர்தான். அதை அப்போது அவர் சொல்லவில்லை.

“ஏன் அக்கா ஓமெண்டு சொன்னனீங்கள்?” என்று நான் கேட்டேன்.

“பதினொரு வருசம், அந்த மனுசன் எனக்கு எழுதித்தந்த அன்ட்ராக் விண்ணப்பம் எத்தினை! விசாவுக்கு, வீட்டுக்கு, என்ரை மனுசன் அலோசியஸின்ரை வேலைக்கு. ஒருநாள் முகம் சுளிச்சதில்லை. முதல் தரம் வாய் திறந்து உதவி கேக்குது. நான் எப்பிடி ஏலாதெண்டு சொல்லுறது?”

பதினேழாம் அறையில் உட்கார வைத்தார்கள். உண்மையான தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மட்டைப் பெட்டி இருந்த இடத்தில் வைத்தார்கள். ஊவே நல்ல மனிதர். கடைசி நேரத்தில் பெட்டி மட்டையை வெட்டித் திரையின் மீது ஒட்டினார். மேலே ஒரு மூலையில் அந்தப் பெண்ணின் முகம் தெரியுமளவுக்கு மட்டும் ஓட்டை விட்டார். மற்றது எதையும் மக்டலீன் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சத்தமில்லாத முகம். அது வாயைத் திறக்கும், மூடும், கண்ணைச் சுருக்கும். மக்டலீன் ஒலிவாங்கிக்கு முன்னால் வெட்கத்தோடு சிரித்துப் பார்த்தார். ஹோல்கர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். சிரிப்பு அந்த வாயோடு ஒட்டிப் போயிருந்தது. எங்கேயும் முன்பின்னாக இல்லை. இன்னும் ஒரு துண்டைப் போட்டார்கள். அதுவும் ஒட்டியது. மக்டலீனின் ஊரில் பாஸ்கு நாட்களில், இயேசுவின் பாடுகளை நடிக்கையில், மரச் சுரூபங்களை மேடையில் அசைத்துக் காட்டுவார்கள். பதினாலு வயதில், திரைக்குப் பின்னால் நின்று, மாதா சுரூபத்துக்காக அழுதவர் அவர். அவர் அழ அழ மரத்தின் முகம் மாறியதாகச் சனங்கள் சொன்னார்கள். இங்கே முகம் மரமில்லை. அது முதலே உயிரோடு அசைந்து முடித்துவிட்டது. இப்போது தன் தொண்டையிலிருந்து எதையோ இழுக்கிறது என்று அவருக்குப் பட்டது.

கடைசித் துண்டில் அந்தப் பெண் திடீரென்று பக்கவாட்டில் திரும்பினாள். தடுப்புக்கு அப்பால் எதையோ பார்த்தாள். வாய் அசைந்தது. கீழுதடு பல்லில் பட்டது, விரிந்தது, மறுபடி பட்டது, கடைசியில் குவிந்தது. ஒரு சொல்.

“பாவிலு,” என்றார் மக்டலீன். பிறகு, “வா.”

தானாக வந்தது. ஊவே ஒலிப்பதிவை நிறுத்தவில்லை. ஹோல்கர் மெதுவாகக் கேட்டார்: “அது என்ன சொல்? அப்படியே பொருந்துகிறதே.”

“ஒன்றுமில்லை,” என்று சொல்லிவிட்டு மக்டலீன் எழும்பிக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார்.

பாவிலு அவருடைய தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில், பத்தொன்பது வயதில், மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட படகில் ஏறினான். படகு போய்ச் சேரவில்லை. ஒரு பலகை கூட ஒதுங்கவில்லை. அவன் ஏறியதற்குக் காரணம் ஹாகனிலிருந்து போன கடிதம். ‘இந்தியாவுக்கு வந்து சேர், அங்கேயிருந்து உன்னை எடுப்பேன், யோசிக்காமல் வா’ என்று மக்டலீன் எழுதியிருந்தார். பதின்மூன்று வருடமாக அவன் செத்துவிட்டான் என்று சொல்ல அவர் ஒருவரையும் விட்டதில்லை. எங்கேயாவது சிறையில் இருப்பான், பெயர் மாற்றி இருப்பான் என்பார். இறந்தவனென்று அவனுக்காக ஒரு பூசை கூட வைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் படம் டிவிடியாக வந்தது. எதிர்பாராத விதமாக ஓடியது. படம் நெடுக, கமெராவுக்குப் பின்னால் நின்று, மெத்தையின் ஏழு வலயங்களைப் பற்றியும் மரச்சட்டத்தின் உறுதியைப் பற்றியும் ஹோல்கர் தன்னையறியாமல் விளக்கிக்கொண்டே இருந்தார். அதற்காகவே மாணவர்கள் கூட்டமாகக் கூடிப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னச் சின்னத் திரையரங்குகளிலும் போட்டார்கள். மக்டலீன் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை.

இரண்டாயிரத்து நான்கு தை மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம். பூசைக்குப் போய் வந்து, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அலோசியஸ் வேலைக்குப் போயிருந்தார். அவர் இரும்பு வார்ப்பாலையில் முறைமாறி வேலை செய்பவர். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மக்டலீனின் சிரிப்பு. முதலில் அவர் தான்தான் சிரிக்கிறேன் என்று நினைத்தார். மீன் நாற்றத்தோடு கையை வாயில் வைத்துப் பொத்தினார். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு, குழாய்க்குள்ளிருந்து, அவருடைய குரலில்:

“பாவிலு. வா.”

கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி அதே இடம். “பாவிலு. வா.” நாலு தரம்.

கீழ்வீட்டில் கொவால்ஸ்கி என்ற இளைப்பாறிய ட்ராம் சாரதி தனியாக இருந்தார். அவர் டிவிடி பார்க்கிறார், விளங்காத சொல்லைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார் என்பது மக்டலீனுக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கியும் மீனை அப்படியே போட்டுவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் கேட்டது. மக்டலீன் வானொலியைக் கூட்டி வைத்தார். குசினியில் வேலையைக் குறைத்தார். வீட்டுக்குள் வாய்விட்டுப் பேசுவதையே விட்டுவிட்டார். தன் குரலைத் தானே கேட்கப் பயமாக இருந்தது. அலோசியஸ் என்னவென்று கேட்டால் தொண்டை நோ என்று கையால் காட்டுவார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானமும் கேட்டது. குழாய்க்குள் அதே குரல், அதே இரண்டு சொல். பொறுக்க முடியாமல், கொவால்ஸ்கியிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவோம் என்று இறங்கிப் போனார். மணியை அடித்தார். ஒருவரும் திறக்கவில்லை. வாசலில் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “அவர் மகள் வீட்டுக்குப் போய் ஒரு கிழமையாகிறதே,” என்றாள்.

மக்டலீன் மேலே போகவில்லை. அலோசியஸ் வேலை முடிந்து வரும் வரை, மேலங்கி இல்லாமல், வெளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பங்குனியில் வேலைவாய்ப்புக் காரியாலயத்தில் அதிகாரியைச் சந்திக்க அவருக்கு ஒரு டெர்மின் இருந்தது. நடைபாதை நெடுகக் கதிரைகள். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் மக்டலீன் பாதி எழும்பிவிட்டார். அந்த முகத்தை மணிக்கணக்காக மட்டை ஓட்டைக்குள் பார்த்தவர் அவர். ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்.

பெண்ணும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். “தேநீர் தந்தீர்கள்,” என்றாள்.

தடித்த, கரகரத்த குரல். மக்டலீன் திடுக்கிட்டுப்போனார். அந்த வாயிலிருந்து தன் குரல்தான் வரும் என்று எங்கோ உள்ளுக்குள் நினைத்திருந்தார்.

அவள் பெயர் சில்க. அந்தப் படத்துக்குப் பிறகு வேறு படத்துக்குப் போகவில்லையாம். மக்டலீன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் கேட்டார்.

“கடைசியில் பக்கம் திரும்பி ஏதோ சொன்னீர்களே. என்ன சொன்னீர்கள்?”

“வாஸ் வில்ஸ்ற் டூ,” என்றாள்.

உனக்கு என்ன வேண்டும், என்று அர்த்தம். மக்டலீன் அவள் உதட்டையே பார்த்தார். கீழுதடு பல்லில் பட்டு, விரிந்து, மறுபடி பட்டு, குவிந்தது.

“யாரிடம்?”

“உங்கள் மகனிடம். உங்கள் மகன் இல்லையா? உங்களைக் கூட்டிப்போக வந்தவன் என்று நினைத்தேன். கண் அப்படியே உங்களுடையது. அலுமாரிகளுக்கு நடுவே நின்றான். இடுப்பில் ஒரு துணி மட்டும் கட்டியிருந்தான், அந்தக் குளிரில். என்னைப் பார்க்கவேயில்லை. அடுத்த அறைக் கட்டிலை ஒரு கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான், வாங்க வந்தவர்கள் பார்ப்பார்களே, அதுபோல. படுக்கலாமா என்று யோசிப்பதுபோல. ஊவேயும் ஹோல்கரும் அவனைக் கவனிக்கவில்லை. நான் கேட்டேன். அவன் அலுமாரிக்குப் பின்னால் போனான். அங்கே போய்ப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது.”

“எனக்கு மகன் இல்லை,” என்றார் மக்டலீன்.

சில்க தன் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போன பிறகு மக்டலீன் தன் டெர்மினுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு அலோசியஸிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“நீலப்படத்துக்கோ? நீயோ?” அலோசியஸ் கதிரையை விட்டு எழும்பினார். “கோயிலிலை வாசகம் வாசிக்கிற வாயாலையோ?”

“சிரிச்சது மட்டும்தான், இஞ்சேருங்கோ. மற்றதெல்லாம் மட்டை ஒட்டி மறைச்சு...”

“ஆரும் அறிஞ்சால் என்ன நினைப்பினம்?”

“அதை விடுங்கோ. பாவிலு வந்து நிண்டிருக்கிறான். அந்தப் பிள்ளை கண்டிருக்கு.”

அலோசியஸ் யன்னலடிக்குப் போனார். மனைவியைத் திட்டுவதற்கு அவரிடம் சொல் மிச்சம் இருந்தது. ஆனால் பாவிலு என்ற பெயர் அந்த வீட்டில் வந்துவிட்டால் அவர் குரல் இறங்கிவிடும். இருவரும் ஒரே மீன்வாடியில் தொழில் செய்தவர்கள். அவனுக்கு வலை இழுக்கப் பழக்கியவரே அவர்தான்.

“அந்தக் கெட்டுப்போன சத்தம் இருக்கோ அவையளிட்டை?” என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் ஹோல்கரின் கார்க் கொட்டகைக்குப் போனார்கள். கடைக் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கியிருந்ததால் சாமான் எல்லாம் அங்கேதான் இருந்தது. அலோசியஸ் ஹோல்கருக்குக் கைகொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. திரையைத் துணியால் மூடிவிட்டு, ஹோல்கர் மூலப் பதிவின் சத்தத்தை மட்டும் போட்டார்.

உறுமல். சீராக வந்து, இடையிடையே தடுக்கி, மறுபடி சீராகும் உறுமல். ஹோல்கர் சங்கடத்தோடு, “விசிறி,” என்றார்.

“விசிறி நின்று மூன்று மாதம் கழித்துத்தான் நீங்கள் படம் எடுத்தீர்கள்,” என்றார் மக்டலீன்.

அலோசியஸ் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். தலையைச் சரித்து, கண்ணை மூடிக் கேட்டார். அவர் முகம் வெளிறிப்போனதை மக்டலீன் பார்த்தார்.

“எஞ்சின்,” என்றார் தமிழில். “படகு எஞ்சின். பதினைஞ்சு கோஸ்பவர். ஒரு புளக் அடிக்கேல்லை. இப்பிடி ஓடினால் கனதூரம் போகாது.”

உறுமல் தடுக்கித் தடுக்கி ஓடியது. பிறகு, யாரும் பொத்தானைத் தொடாமல், பதிவின் நடுவிலேயே நின்றது. நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. மூச்சு, காற்று, ஒரு சின்ன இரைச்சல் கூட இல்லை. நாடா மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹோல்கருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்றாலும் அவர் எழும்பிக் கொட்டகைக் கதவை முழுதாகத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் மக்டலீன் சொன்னார்: “என்ன வேணும் எண்டு அந்தப் பிள்ளை கேட்டிருக்கு. பதின்மூண்டு வருசமா நான் ஒருநாள் கேக்கேல்லை. வா வா எண்டதுதான்.”

அலோசியஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவன் படுக்க இடம் தேடுறான். விடு அவனை.”

எங்கள் தமிழ்ப் பூசை மாதத்தில் ஒரு ஞாயிறு, இரவல் வாங்கிய ஜேர்மன் கோயிலில் நடக்கும். யார் யாருக்காகப் பூசையில் மன்றாடுவது என்று எழுதுகிறவர் சிசிலி அக்கா. வாசலில் ஒரு கொப்பியோடு நிற்பார்: இடது பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலது பக்கம் இறந்தவர்கள். வருடா வருடம் மக்டலீன் தம்பியின் பெயரைக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கும் அவர் வருவதைக் கண்டதும் சிசிலி அக்கா இடது பக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்.

“அங்கையில்லை, அக்கா,” என்றார் மக்டலீன். “மற்றப் பக்கம்.”

சிசிலி அக்கா நிமிர்ந்து பார்த்தார். எழுதிய மூன்று எழுத்தை வெட்டிவிட்டு, வலது பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதினார். சாமியார் பீடத்தில் நின்று அந்தப் பெயரை வாசித்தபோது மக்டலீன் அழுத அழுகையில் பிள்ளைகள் பயந்து தாய்மாரின் மடியில் ஏறினார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்போல அவர் தன்னைச் சுற்றிப் பார்த்ததை நானே கண்டேன்.

அதற்குப் பிறகு குழாயில் கேட்கவில்லை. கொவால்ஸ்கி திரும்பி வந்தார்; படம் அலுத்துவிட்டதோ என்னவோ, அவர் வீட்டிலிருந்தும் உதைபந்தாட்டச் சத்தம்தான் வந்தது.

அடுத்த வருடம் டிவிடியை இரண்டாம் முறை அடிக்கப்போனார்கள். ஹோல்கர் வீடு தேடி வந்தார். அலோசியஸ் அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார். அந்த அளவுக்கு அப்போது சமாதானமாகியிருந்தார்கள்.

“அந்தச் சொல்லை எடுத்துவிடட்டுமா, ஃபிறாவ் அலோசியஸ்? உங்களுக்கு அது வருத்தம் என்று எனக்குத் தெரியும். சிரிப்பை வைத்துச் சமாளிக்கலாம்.”

மக்டலீன் மேசைக்குக் கிட்ட வந்து உட்கார்ந்தார்.

“முதல் சொல் இருக்கட்டும். அது பெயர். அதற்குப் பிறகு வருவதை மட்டும் வெட்டிவிடுங்கள்.”

ஹோல்கர் அப்படியே செய்தார். ஆனால் முதல் முறை அடித்த பிரதிகளைத் திருப்பி எடுக்க வழியில்லை. எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது. கீல் வரை போயிருக்கிறது, ஹாலேயில் ஒரு மாணவர் விடுதியில் வெள்ளிக்கிழமை தோறும் போடுகிறார்களாம் என்று சொன்னார். இரண்டாம் படமும் எடுத்தார். மக்டலீன் குரல் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தப் படம் ஓடவில்லை. ஊவே சாமான் ஏற்றும் லொறி ஓட்டப் போய்விட்டார். கடை இருந்த நிலம் இப்போது கார் நிறுத்துமிடம்.

சலவைப் பகுதியில் மக்டலீன் அக்கா நல்லாகச் சிரிப்பார். யந்திரங்களின் இரைச்சலுக்கு மேலால் அது கேட்கும். சில நேரம் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தபடி நடுவில் நின்றுவிடுவார். நான் விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். “ஆரோ படத்தைப் போடுகினம்,” என்று மெல்லச் சொல்லுவார். பிறகு கிட்ட வந்து, தன் முனைகளை என் கையில் தந்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுப்பார்.